இடுப்புக்கு ஸ்கேன், காதுக்குப் பின்னால் காந்தம்: கரூரிலும் கோவையிலும் நான் எடுத்த இரண்டு எம்.ஆர்.ஐ.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் கரூரில் நான் போன ஸ்கேன் சென்டருக்கு ஐந்துக்கு ஒன்று. அதே வருடம் நவம்பரில் கோவையில் போன சென்டருக்கு ஐந்துக்கு நாலரை. இரண்டு இடத்திலும் மெஷினின் காந்த வலு 1.5 டெஸ்லாதான். எடுத்ததும் அதே கீழ் முதுகு ஸ்கேன்தான். முதல் இடத்தில் என் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்த காந்தம் (காது கேட்பதற்காக ஆபரேஷனில் வைத்த காக்ளியர் இம்ப்ளான்ட்டின் பாகம்) இடம் பெயர்ந்து ஆபரேஷன் வரைக்கும் போயிற்று. இரண்டாவது இடத்தில் ஸ்கேன் முடிந்து பத்தாவது நிமிடம் கேன்டீனில் உட்கார்ந்து காபி குடித்தேன். சென்டர்களின் பெயரை எழுதவில்லை. அன்றைக்கு டியூட்டியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே நடக்கிறது என்பதை நேரில் பார்த்துவிட்டேன். பெயரை நம்பிப் போவதைவிட, என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் உங்களுக்கு அதிகம் உதவும்.

எனக்கு வயது 42. கரூரில் பெட்ஷீட், டவல் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். முப்பது வயதைத் தாண்டியதும் கேட்கும் திறன் குறைய ஆரம்பித்து, ஒன்றரை வருடத்தில் இரண்டு காதும் முழுதாகப் போய்விட்டது. கடைகளில் விற்கும் சாதாரண காது மெஷின் எதுவும் உதவவில்லை. 2013 பிப்ரவரியில் கோவையில் வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள். அப்போது பெரியவர்களுக்கு அரசுக் காப்பீட்டில் இது கிடைக்கவில்லை. என் நகை எல்லாம் போயிற்று, மாமனார் ஒரு வயலை விற்றார். அதனால் அது என் தலைக்குள் இருக்கும் ஒரு பொருள் என்று மட்டும் என்னால் நினைக்க முடிவதில்லை. இம்ப்ளான்ட்டை முதன்முதலில் ஸ்விட்ச்-ஆன் செய்த அன்றைக்கு ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) அறையில் நாற்காலி நகர்ந்த சத்தத்தைக் கேட்டு அழுதேன்.

இம்ப்ளான்ட் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியே காதில் மாட்டுவது ப்ராசசர். அதிலிருந்து ஒரு வயர் போய், வட்டமான காயில் ஒன்று தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டுவதற்குக் காரணம், தோலுக்கு அந்தப் பக்கம் மண்டை ஓட்டின் மேல் பதித்திருக்கும் பாகத்தின் நடுவில் ஒரு காந்தம் இருப்பதுதான். பெரிய சைஸ் சட்டைப் பட்டன் அளவு இருக்கும். பழைய மாடல்கள் பலவற்றில் அது சிலிகான் ரப்பரால் ஆன ஒரு சின்னப் பைக்குள் சொருகி வைத்தது போல உட்கார்ந்திருக்கும். தேவைப்பட்டால் டாக்டர் கழற்றி மாட்டலாம் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தப் பாகத்திலிருந்து கிளம்பும் மெல்லிய எலக்ட்ரோடு நத்தை ஓடு போலச் சுருண்ட உள்காதுக்குள் போகிறது. காயிலும் காந்தமும் நேருக்கு நேர் நின்றால்தான் சத்தமும் பேச்சும் உள்ளே போகும். காந்தம் நகர்ந்துவிட்டால் எலக்ட்ரோடு நன்றாக இருந்தும் பயனில்லை, காயில் நிற்காது.

2023 மே மாதம் இடுப்பில் பிடித்த வலி இடது காலில் இறங்கியது. பத்து மணி நேரம் டேபிள் முன்னால் நின்று துணி பார்க்கும் வேலை. எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். மறுநாளே போனோம்.

வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பேஸ்மேக்கர் உண்டா, உடலில் பிளேட், ஸ்க்ரூ உண்டா, கர்ப்பமா என்று பதிமூன்று கேள்விகள். காதைப் பற்றி ஒன்றும் இல்லை. உலோகம் பற்றிய கேள்வியில் ‘ஆம்’ போட்டு, பக்கத்தில் ‘வலது காதில் இம்ப்ளான்ட்’ என்று எழுதினேன். வாயாலும் சொன்னேன். அந்தப் பெண் என் ப்ராசசரைப் பார்த்துவிட்டு, “காது மெஷின்தானுங்களேக்கா, கழட்டி இந்த டப்பால வச்சுட்டுப் போங்க” என்றாள். உள்ளேயும் காந்தம் இருக்கிறது என்றேன். டெக்னீஷியனைக் கேட்டு வந்தாள். “இடுப்புக்குத்தானுங்க்கா எடுக்கறோம், தலைக்கு ஒண்ணும் பண்ணலையாம்.”

இந்த இரண்டு வாக்கியத்தில்தான் எல்லாத் தப்பும் இருக்கிறது. நம் ஊரில் காதில் மாட்டும் எல்லாவற்றுக்கும் ‘காது மெஷின்’ என்றே பெயர். கழற்றி வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குப் பாதி மெஷின் தலைக்குள் இருக்கிறது, அதைக் கழற்ற முடியாது. இடுப்புக்குத்தானே என்பது அடுத்த தப்பு. எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தம் படம் எடுக்கும்போது மட்டும் வேலை செய்வது இல்லை. ஹீலியத்தில் குளிர வைத்த கம்பிச் சுருளில் மின்சாரம் ராவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆள் இல்லாத நேரத்திலும் அந்த அறை காந்தத்தால் நிறைந்திருக்கிறது. 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. முழங்காலுக்கு எடுத்தாலும் இடுப்புக்கு எடுத்தாலும் உங்கள் தலை அந்த அறைக்குள்தான் போகிறது. 2018ல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனவர் மெஷினின் காந்தம் இழுத்து இறந்தது ஸ்கேன் எடுக்கும்போது இல்லை. அவர் நோயாளியும் இல்லை, உறவினருக்குத் துணையாக வந்தவர்.

ப்ராசசரை டப்பாவில் வைத்ததும் எனக்கு எதுவும் கேட்காது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நிசப்தத்தில் நடந்தது. கதவைத் தாண்டி நாலைந்து எட்டு வைத்ததுமே காதுக்குப் பின்னால் லேசாக இழுத்தது. நின்றேன். டெக்னீஷியன் தம்பி முகக்கவசம் போட்டிருந்தார், உதட்டைப் படிக்க வழியில்லை. படுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார், படுத்தேன். டேபிள் நகர்ந்து தலை முதலில் உள்ளே போயிற்று. யாரோ தோலுக்கடியில் நகத்தைக் கொடுத்து, ஒட்டிக் கிடக்கும் காசை ஒரு ஓரத்தில் நெம்புவது போல இருந்தது. நெம்பி, ஒரு கணத்தில் அது கிளம்பிவிட்டது. கிளம்பியது எனக்குத் தெரிந்தது. கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

வெளியே இழுத்தார்கள். “அசையாதீங்க” என்று கையால் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே அனுப்பப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்து காயிலை வைத்தால் ஒரு ஓரத்தில் தொட்டுக்கொண்டு நின்றது, தலையைத் திருப்பியதும் விழுந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். அதுவரை தோல் மட்டமாக இருந்த இடத்தில் பட்டனின் விளிம்பு மாதிரி ஒரு மேடு. என் கணவர் கேட்பது தெரிகிறது, என்ன கேட்கிறார் என்று தெரியவில்லை. பில் போட்ட 6,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது ஒன்றுதான் அன்று அவர்கள் சரியாகச் செய்தது. “டாக்டர்கிட்ட காட்டிக்குங்க” என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என்ன நடந்தது என்று எழுதவில்லை.

மறுநாள் கோவையில் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனோம். மண்டை எக்ஸ்ரே எடுத்தார். எக்ஸ்ரே, சி.டி. இரண்டுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். 2013ல் எடுத்த படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். பழையதில் காந்தம் வளையத்துக்கு நடுவில் சரியாக உட்கார்ந்திருந்தது. புதியதில் ஒரு பக்கம் வளையத்துக்குள்ளும் மறுபக்கம் வெளியே தூக்கிக்கொண்டும், மூடாத டப்பா மூடி போலச் சாய்ந்து கிடந்தது.

அவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கியது இப்போதும் என்னிடம் இருக்கிறது. என்னுடையது போன்ற பழைய மாடலில் காந்தத்தின் ஒரு துருவம் தோலைப் பார்த்தும் மறு துருவம் மண்டையைப் பார்த்தும் இருக்கும். அதாவது இடம் வலமாக. மெஷினுக்குள் காந்தப்புலம் ஓடுவது தலையிலிருந்து கால் வரை, நீள வாக்கில். திசைகாட்டி முள் வடக்கைப் பார்த்துத் திரும்புகிற மாதிரி, என் பட்டனும் அந்த நீள வாக்குக்குத் திரும்பப் பார்க்கிறது. தட்டையாகப் படுத்திருக்கும் ஒன்று திரும்ப வேண்டுமானால் எழுந்து நிற்கத்தான் வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ரப்பர் பையின் உதடு மட்டும்தான்.

சிலருக்கு வெளியிலிருந்தே அமுக்கிப் பழைய இடத்தில் உட்கார வைத்ததுண்டாம். எனக்கு விளிம்பு தோலை முட்டிக்கொண்டிருந்தது. தள்ளிப் போட்டால் அந்த இடத்தில் தோல் தேய்ந்து புண்ணாகும், புண் வழியாகக் கிருமி உள்ளே போனால் இம்ப்ளான்ட்டையே எடுக்க வேண்டிவரலாம் என்றார். உங்களுக்கு இது நடந்தால் வீக்கம் வடியட்டும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். காயிலை அந்த மேட்டின் மேல் ஒட்ட வைத்துப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள்.

ஆபரேஷன் சின்னதுதான். மரத்துப்போக ஊசி போட்டு, சிறியதாகக் கீறி, பழைய காந்தத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். எலக்ட்ரோடைத் தொடவில்லை. ஆனால் தையல் ஆறி வீக்கம் வடியும் வரை காயில் போடக் கூடாது. ஸ்கேன் நாளிலிருந்து கணக்குப் போட்டால் 31 நாள் எனக்குச் சத்தமே இல்லை. செக்கிங் டேபிளில் பெண்கள் என்னைக் கூப்பிட வேண்டுமானால் டேபிளைத் தட்டுவார்கள், அதிர்வு கைக்கு வரும். பையன் பிளஸ் டூ படிக்கிறான், ராத்திரி வாட்ஸப்பில் எழுதி எழுதி எனக்குக் கதை சொன்னான். மறுபடி காயில் போட்ட அன்று ஆடியாலஜிஸ்ட் எல்லா எலக்ட்ரோடையும் கம்ப்யூட்டரில் சோதித்தார். ஒன்றும் கெடவில்லை. அதைச் சொன்னபோது அவர் குரல் எனக்குக் கேட்டது. புதுக் காந்தம் பழையதைவிட இழுத்துப் பிடித்ததால் வெளியே காயிலில் இருக்கும் காந்தத்தை ஒரு நம்பர் குறைத்துப் போட்டார்.

ஆனால் இடுப்பு வலி போகவில்லை. அக்டோபரில் இடது கால் கட்டை விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. எம்.ஆர்.ஐ. இல்லாமல் முடியாது என்றார்கள். சி.டி. பார்த்தாயிற்று, நரம்பு எந்த அளவு நசுங்கியிருக்கிறது என்பது அதில் தெளிவாக இல்லை. என்னிடம் இரண்டு வழி இருந்தது. ஸ்கேனுக்கு முன் மறுபடி கீறிக் காந்தத்தை எடுத்துவிட்டு, ஸ்கேன் முடிந்ததும் திரும்ப வைப்பது ஒன்று. மூளையை ஸ்கேன் செய்ய வேண்டியவர்களுக்கும் 3 டெஸ்லா மெஷினில் எடுக்க வேண்டியவர்களுக்கும் என் மாதிரி மாடலில் பெரும்பாலும் இதுதான் வழி. மூளைப் படத்தில் காந்தம் இருக்கும் பக்கம் பெரிய கறுப்பு ஓட்டை விழுந்து, பார்க்க வேண்டியதே மறைந்துபோகும். எனக்கு முதுகு என்பதால் அடுத்த வழிக்கு இடம் இருந்தது. 1.5 டெஸ்லாவில், கம்பெனி சொல்லியிருக்கும் முறைப்படி தலையில் கட்டுப் போட்டு எடுப்பது.

இதற்கென்றே இம்ப்ளான்ட் கம்பெனி ஒரு எம்.ஆர்.ஐ. கிட் கொடுக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பத்து வருடமாக அந்தக் கம்பெனியின் பேட்டரி, வயர், காயில் எல்லாம் வாங்கியிருக்கிறேன், இதைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆடியாலஜிஸ்ட் ஆர்டர் போட்டார், வர 12 நாள் ஆயிற்று. உள்ளே இருப்பது ரொம்பச் சாதாரணமானது. சின்னதாக வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் தகடு, நன்றாக இழுபடும் ஒரு எலாஸ்டிக் பேண்டேஜ், படம் போட்ட ஒரு தாள். தகடு காந்தத்துக்கு நேர் மேலே தோலில் வைப்பதற்கு. பேண்டேஜை அதன் மேல் இழுத்து இறுக்கி இரண்டு சுற்றாவது சுற்ற வேண்டும். பட்டன் எழ நினைத்தாலும் மேலே இடம் இருக்காது, அவ்வளவுதான் விஷயம். கரூரில் அன்று இந்தத் தகடு இருந்திருந்தால் எனக்கு அந்த 31 நாள் மிச்சமாகியிருக்கும். எல்லா மாடலுக்கும் கிட் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். சிலவற்றுக்குக் கட்டு மட்டும் போதும், சிலவற்றுக்குக் கட்டே வேண்டாம், சிலவற்றுக்குக் காந்தத்தை எடுத்தே ஆக வேண்டும். மாடல் நம்பரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோவை சென்டருக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி, ஸ்கேனுக்கு முன்பே கொடுத்தது. போனில் கணவர் நேரம் கேட்டபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “உடம்புல ஏதாவது இம்ப்ளான்ட் இருக்குங்களா?” காக்ளியர் என்றதும் தேதி கொடுக்கவில்லை. இம்ப்ளான்ட் கார்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மாடல், சீரியல் நம்பர், எந்தக் காது, எந்த வருடம் எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கார்டு என் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருந்தது. இரண்டு நாள் கழித்து அவர்களே கூப்பிட்டு, கம்பெனியின் கையேட்டைப் படித்துவிட்டோம், ரேடியாலஜி டாக்டரும் பார்த்துவிட்டார், கிட்டோடு வாருங்கள், காது டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி வாருங்கள் என்றார்கள். நான் இதற்கு முன் ஆறேழு இடத்தில் விசாரித்திருந்தேன். ஒன்றில் “எங்களுடையது 3 டெஸ்லா, கோவையிலேயே பெருசு” என்று பெருமையாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம், என் மாடலுக்கு அந்த அறை வாசலே ஆகாது. இன்னொன்றில் பக்கங்கள் திறந்த ஓபன் எம்.ஆர்.ஐ. இருக்கிறது, பயமே இல்லை என்றார்கள். ஓபன் மெஷின் பலவற்றில் காந்தப்புலம் ஓடும் திசையே வேறு, மேலிருந்து கீழ். வலு குறைவு என்பதை மட்டும் வைத்து நம்பிவிட முடியாது. கையேட்டில் அந்த வகை மெஷின் எழுதியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் செய்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினார். நான் ப்ராசசரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது காது கேட்காதவர்களுக்குத்தான் தெரியும். கரூரில் வாசலிலேயே என் காதை வாங்கி வைத்துவிட்டு, பிறகு என்னிடம் பேசினார்கள். இவர், “மொத்தம் அஞ்சு தடவை சத்தம் வரும்க்கா, உங்களுக்குக் கேக்காது, ஆனா அதிர்வு தெரியும்” என்று சொல்லி, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மெஷினுக்குள் ஸ்பீக்கரில் பேசி எனக்குச் சொல்ல முடியாது. அதனால் என் கணவரிடம் படிவத்தில் கேள்வி எல்லாம் கேட்டு, பெல்ட், மோதிரம், செல்போன், பர்ஸ் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, அவரை என் கால் மாட்டில் நிற்க வைத்தார். அடுத்தது ஆரம்பித்தால் பாதத்தில் ஒரு தட்டு, எல்லாம் முடிந்தால் இரண்டு தட்டு. வலித்தால் நான் பந்தை அமுக்க வேண்டும், அமுக்கினால் கேள்வி கேட்காமல் வெளியே எடுப்பேன் என்று சொன்னார்.

காயில் தலையில் இருக்கும்போதே அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். பிறகு காயிலை எடுத்து, வட்டத்துக்குள் தகட்டை வைத்து, அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நெற்றியைச் சுற்றிப் பேண்டேஜை இழுத்தார். முதல் சுற்று அவருக்குத் திருப்தியாக இல்லை, அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினார். நெற்றி வலித்தது, புருவம் மேலே ஏறிக்கொண்டது. வலிக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். “இருக்கட்டும்க்கா, இது வலிச்சாத்தான் அது வலிக்காது” என்றார். தலையை எந்தப் பக்கமும் சாய்க்காமல், மெஷினின் நீள வாக்குக்கு நேராக வைத்து, இரண்டு பக்கமும் மெத்தை வைத்து அண்டை கொடுத்தார். அறைக்குள் நடக்கும்போதும் மெதுவாக நடக்கச் சொல்லிக் கூடவே வந்தார். டேபிளும் மெதுவாகத்தான் நகர்ந்தது.

காந்தம் இழுத்தது. பொய் சொல்ல மாட்டேன், கதவைத் தாண்டியதும் அதே இழுப்பு, அதே இடம். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை அது இழுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே இருந்தது. பாதத்தில் ஒரு தட்டு. முதுகுக்கடியில் அதிர்வு. மறுபடி ஒரு தட்டு. ஐந்தாவது முடிந்து இரண்டு தட்டு விழுந்தபோது, என் கணவர் கட்டை விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

அறையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் கட்டைப் பிரித்தார்கள். காயில் டக்கென்று பேனா வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. “கேக்குதுங்களாக்கா?” என்றார். கேட்டது. கீழ் முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்குகிறது என்று ரிப்போர்ட் வந்தது, படம் சுத்தமாக இருந்தது, முதுகுக்கும் காந்தத்துக்கும் தூரம் அதிகம் என்பதால் எந்தக் கறுப்பும் இல்லை. மறுநாள் ஆடியாலஜிஸ்டிடமும் காட்டினேன், எல்லாம் சரி. அரை மதிப்பெண் குறைத்தது காத்திருக்க வைத்ததற்கு: 9 மணிக்கு வரச் சொல்லி 11.40க்குத்தான் உள்ளே அழைத்தார்கள். இடுப்பு வலிக்காரியால் இரும்பு நாற்காலியில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. கட்டணம் 7,200. கரூரைவிட 700 ரூபாய் அதிகம், அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

புதிதாக இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்கள் விலைப் பட்டியலில் ப்ராசசரின் நிறத்தையும் புளூடூத்தையும் பார்ப்பதற்கு முன் உள்ளே வைக்கும் பாகத்தின் எம்.ஆர்.ஐ. வரியைப் படியுங்கள். வெளியே மாட்டுவதை ஐந்தாறு வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருப்பது கூடவே வரும். மெட்-எல் கம்பெனியின் சிங்க்ரோனி வந்தபோது காந்தம் அதன் கூட்டுக்குள்ளேயே தானாகச் சுழன்று திரும்பிக்கொள்ளும்படி செய்தார்கள். பிறகு 2018ல் அட்வான்ஸ்டு பயானிக்ஸின் ஹைரெஸ் அல்ட்ரா 3டி, 2019ல் காக்ளியர் கம்பெனியின் ப்ரொஃபைல் பிளஸ் என்று மற்றவர்களும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். காந்தம் உள்ளேயே திரும்பிக்கொள்வதால் எழுந்து நிற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கழற்றாமலே 3 டெஸ்லா வரை போகலாம் என்று இவற்றுக்கு அனுமதி இருக்கிறது. எனக்கு 2013ல் இந்தத் தேர்வு கிடைக்கவில்லை. இந்த மாடல்களிலும் ப்ராசசரை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், மூளைப் படத்தில் அந்தக் கறுப்பும் விழத்தான் செய்யும். கார்டைக் காட்டாமல் போகலாம் என்று ஆகிவிடாது.

எனக்கு அதிகக் கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012ல் வந்தது. ஆறு வயதுக்குள் இருந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அதில் இம்ப்ளான்ட் வைத்தார்கள். நான் மேப்பிங்குக்கு (ப்ராசசரை என் காதுக்கு ஏற்றபடி சரிசெய்வதற்கு) போகும்போதெல்லாம் வராண்டாவில் அம்மா மடியில் பார்த்த பிள்ளைகள் இன்று கபடி, வாலிபால் ஆடுகிறார்கள், பைக் ஓட்டுகிறார்கள். முழங்கால் திரும்பினால் முதலில் எழுதுவது எம்.ஆர்.ஐ. அவர்களில் பலருக்கு உள்ளே இருப்பது என்னுடையது போன்ற பழைய காந்தம். அம்மாக்களே, அந்தக் கார்டை போட்டோ எடுத்துப் பிள்ளையின் போனிலும், கூடப் படிக்கும் ஒரு சிநேகிதனின் போனிலும் போட்டு வையுங்கள். விபத்தில் மயக்கமாக வரும் பிள்ளையால் சொல்ல முடியாது. காதில் ப்ராசசரும் விழுந்துபோயிருந்தால், முடிக்கு அடியில் இருக்கும் தழும்பைப் பார்த்து யாருக்கும் தெரியாது. கார்டு தொலைந்திருந்தால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலோ கம்பெனியிலோ மாடலையும் சீரியல் நம்பரையும் கேட்டு வாங்கலாம், இப்போதே வாங்குங்கள். ஸ்கேன் சென்டரில் ‘காது மெஷின்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். ‘தலைக்குள் காந்தம் இருக்கிறது’ என்று சொல்லுங்கள், அப்போதுதான் நிமிர்ந்து பார்ப்பார்கள். எத்தனை டெஸ்லா என்று கேளுங்கள். கையேட்டைப் படித்தீர்களா என்று டெக்னீஷியனைக் கேளுங்கள், வரவேற்பில் இருப்பவரைக் கேட்டு வந்துவிடாதீர்கள். இடுப்புக்குத்தானே என்று சொன்னால் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

கரூர் சென்டருக்கு நான் ஆகஸ்டில் ஒரு கடிதம் எழுதினேன். எக்ஸ்ரே நகல், ஆபரேஷன் பில் நகல் இரண்டையும் வைத்து, படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள் என்று மட்டும் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. போன மாதம் மாமியாருக்குக் கழுத்து ஸ்கேன் அங்கேதான் எழுதிக் கொடுத்தார்கள், நான் கூடப் போனேன். வாசலோடு நின்றுகொண்டேன். அதே படிவம், அதே பதிமூன்று கேள்வி. கடைசியில் ஊதா மையில், கொஞ்சம் கோணலாக, ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று: ‘காதுக்குள் ஆபரேஷன் செய்து காந்தம் / இம்ப்ளான்ட் வைக்கப்பட்டுள்ளதா? கார்டு உண்டா?’ வரவேற்பில் வேறு ஒரு பெண். மாமியாருக்கு எழுபத்தாறு வயது, எழுத்துப் படிக்கச் சிரமம். அந்தப் பெண் ஸ்டாம்ப்பில் விரலை வைத்து, “பாட்டி, தலைக்குள்ள காந்தம் ஏதும் வச்சிருக்காங்களா?” என்று சத்தமாகப் படித்துக் கேட்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தே எனக்குக் கேட்டது. மேலே ஒன்று என்று எழுதியிருக்கிறேன், அதை இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்.